வறண்ட ஆறும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகோணங்களும்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

மதுரையில் ஏ.வி. பாலத்தின் மேல் நின்று வைகையைப் பார்த்தால் வருடத்தில் பல மாதம் தெரிவது இதுதான்: கொஞ்சம் மணல், நிறையப் புல், ஓரமாக ஓடும் ஒரு வாய்க்கால் அளவு நீர், அங்கங்கே ஆகாயத்தாமரை, மேயும் மாடுகள். இதை, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எப்படிக் காட்டுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் கரைக்குக் கரை நீலம் அப்புவார். இன்னொருவர் செயற்கைக்கோள் படத்தில் தெரிகிற மணலை மட்டும் வரைந்துவிட்டு ஆற்றையே எடுத்துவிடுவார். மூன்றாமவர் மணல், புதர், புல், தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

பாலாறு, வைப்பாறு, குண்டாறு, கொள்ளிடம் என எதைத் திறந்தாலும் இதே குழப்பம்தான். காரணம் ஒன்றே ஒன்று. இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கு ஒரே டேக்கில் (வரைபடப் பொருளில் ஒட்டும் "சாவி=மதிப்பு" என்ற சீட்டில்) பதில் சொல்லப் பார்க்கிறோம். தண்ணீர் வந்தால் எதுவரை வரும் என்பது ஒரு கேள்வி. தண்ணீர் இல்லாதபோது தரையில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதலாவது ஆற்றைப் பற்றியது, இரண்டாவது தரையைப் பற்றியது. இவற்றைப் பிரித்துவிட்டால் கீழே வரும் சிக்கல்களில் பாதி தானாகவே தீரும்.

ஒரு சின்னக் குறிப்பு. டேக்குகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சொல் சேர்ந்த சாவியோ மதிப்போ என்றால் நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு.

அறிகுறி: நேரில் மணல்காடு, வரைபடத்தில் கரை தொட்டு ஓடும் நீலம்

இதுதான் அதிகம் வரும் புகார். ஆற்றுப் பலகோணத்தை (பரப்பைச் சுற்றி வரைந்த மூடிய கோட்டை) தேர்ந்தெடுத்து டேக்குகளைப் பாருங்கள். பெரும்பாலும் நேச்சுரல்=வாட்டர், வாட்டர்=ரிவர் என்று மட்டும் இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. இன்டர்மிட்டென்ட்=எஸ் என்ற டேக்கைச் சேர்த்தால் "இங்கே தண்ணீர் எப்போதும் இருக்காது" என்ற செய்தி சேர்ந்துவிடும். தளத்தின் இயல்பான வரைபடப் பாணியில் முழு நீலம் போய்க் கோடு கோடாக மாறும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நடுவில் ஓடும் வாட்டர்வே=ரிவர் கோட்டிலும் அதே இன்டர்மிட்டென்ட்=எஸ் வேண்டும். பலகோணத்தில் போட்டுவிட்டுக் கோட்டை விட்டால், வரைபடத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது அது வற்றாத ஆறு போலவே தெரியும். ஆற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் நிரல்களும் கோட்டைத்தான் படிக்கின்றன. வைகை 258 கிலோமீட்டர். அது ஒரே கோடாக இருக்காது, பாலத்துக்குப் பாலம் வெட்டப்பட்ட துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டை மட்டும் திருத்திவிட்டு வந்தால் வரைபடத்தில் விட்டு விட்டு ஓடும் ஆறுதான் மிஞ்சும்.

பழைய பலகோணங்களில் வாட்டர்வே=ரிவர்பேங்க் என்று இருக்கலாம். அது முந்தைய முறை. திருத்தும் கையோடு நேச்சுரல்=வாட்டர், வாட்டர்=ரிவர் என்று மாற்றிவிடுங்கள். ஆனால் அதற்கென்று மாவட்டம் முழுக்க மொத்தமாகத் தேடி மாற்றக் கிளம்ப வேண்டாம். மொத்தத் திருத்தத்துக்குத் தனி விதிமுறை இருக்கிறது. முன்கூட்டிப் பேசாமல் செய்தால் யாராவது திருப்பிவிடுவார்கள்.

இன்டர்மிட்டென்டா, சீசனலா? இந்தக் கேள்வி அடிக்கடி வரும். சீசனல் என்பது பருவத்தோடு ஒழுங்காக வந்துபோகும் நீருக்கு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் காயும் ஒரு மானாவாரிக் கண்மாய்க்குச் சீசனல்=வெட் சீசன் சரியாகப் பொருந்தும். வைகைக்கு அது ஒட்டாது. 1959-இல் வைகை அணை வந்த பிறகு, மதுரையில் தண்ணீர் ஓடுவது மழையை மட்டும் பொறுத்ததல்ல, அணையின் மதகையும் பொறுத்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். அக்னி வெயில் நெருங்கும் நேரத்தில் ஆற்றில் தண்ணீர், ஆடியில் மணல் என்றால் அதை எந்தப் பருவத்தில் சேர்ப்பது? இந்த மாதிரி இடத்தில் இன்டர்மிட்டென்ட்=எஸ் போதும். இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் குடி முழுகிவிடாது, ஆனால் பருவம் தெரியாமல் சீசனல் போடாதீர்கள்.

அறிகுறி: படத்தில் ஆறு ஒரு நேர்கோட்டில் வெட்டினாற்போல் பாதி நீர், பாதி மணல்

ஆற்றில் ஒன்றும் ஆகவில்லை, பின்னணிப் படம்தான் அப்படி. பிங், எஸ்ரி போன்ற பின்னணிப் படங்கள் பல நாட்களில் எடுத்த துண்டுகளை ஒட்டித் தைத்தவை. ஒரு துண்டு நவம்பரில் எடுத்தது, பக்கத்துத் துண்டு மே மாதத்தில் எடுத்தது. தையல் விழுந்த இடத்தில் நீர்ப்பரப்பை நிறுத்தி வரைந்தவர்கள் உண்டு. நேர்கோட்டில் முடியும் ஆற்றுப் பலகோணம் எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரிபார்க்க வழி இருக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பயன்படுத்தவும் தடையில்லை. ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் எடுக்கும். 10 மீட்டர் தெளிவுதான், ஓடைகளுக்கு உதவாது. ஆனால் பாலாறு போல அகன்ற படுகைக்கு அது தாராளம். அந்தப் படங்களைக் காட்டும் கோபர்நிகஸ் உலாவி என்ற தளத்தில் ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை மாதத்துக்கொரு படமாகத் தள்ளிப் பாருங்கள். எந்தப் பகுதியில் நீர் எப்போதும் நிற்கிறது, எது வெள்ளம் வந்தால் மட்டும் நனைகிறது என்பது பிடிபட்டுவிடும். கரையின் துல்லியமான விளிம்பை வரைவதற்கு மட்டும் பிங்குக்கோ எஸ்ரிக்கோ திரும்பி வாருங்கள்.

கூகுளில் தேதிவாரியாகப் பழைய படங்கள் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கை துறுதுறுக்கும். உரிமம் இடம் கொடுக்காது. அதைப் பார்த்து வரையக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலாற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. அந்த மாதத்துப் படத்தை வைத்துக்கொண்டு ஆற்றின் எல்லையை வரைந்தால் வயலும் தோப்பும் ஆற்றுக்குள் வந்துவிடும். ஆற்றுப் பலகோணம் கரையோடு நிற்க வேண்டும். கரை என்றால் ஊர்க்காரர் கைகாட்டும் கரை: மணல் முடிந்து மேடு ஏறும் இடம், அல்லது பொதுப்பணித் துறை எழுப்பிய கரை. அதைத் தாண்டிப் போன வெள்ளம் ஒரு நிகழ்ச்சி. படுகையின் வடிவத்தை அதை வைத்து முடிவுசெய்யக் கூடாது.

அறிகுறி: ஆறே காணோம், மணலும் புதரும்தான் இருக்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். யாரோ கோடைக்காலப் படத்தைப் பார்த்து, "இங்கே தண்ணீரே இல்லையே" என்று நீர்ப்பரப்பை அழித்துவிட்டு நேச்சுரல்=சேண்ட் போட்டிருப்பார். ஊரை அறியாதவர் செய்தது என்று கோபப்படுவதில் பயனில்லை. ஒரே படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

புதிதாக வரையத் தொடங்குமுன் அந்த மணல் பலகோணத்தின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். பல நேரங்களில் பழைய ஆற்றுப் பலகோணத்தையே டேக் மாற்றி மணலாக்கியிருப்பார்கள். அப்படியானால் வடிவம் பத்திரமாக இருக்கிறது; நேச்சுரல்=வாட்டர், வாட்டர்=ரிவர், இன்டர்மிட்டென்ட்=எஸ் என்று திருப்பிப் போட்டால் போதும், பழைய வரலாறும் அறுபடாது. வாட்டர்வே கோட்டையும் சேர்த்து அழித்திருந்தால்தான் வேலை கூடும். கோடு இல்லாவிட்டால் ஆற்றுக்குப் பெயரும் இல்லை, ஓட்டமும் இல்லை.

சில இடங்களில் வாட்டர்வே=வாடி என்று பார்க்கலாம். அரபுப் பகுதிப் பள்ளத்தாக்குகளை வரைந்த காலத்தில் புழங்கிய டேக் அது. ஆறு, பள்ளத்தாக்கு, ஓடை எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பயன்பட்டுப் பொருள் கலங்கிப் போனதால் இப்போது பரிந்துரைப்பதில்லை. நம்மூர் காட்டாற்றுக்கு அது தேவையே இல்லை. வாட்டர்வே=ஸ்ட்ரீம் அல்லது ரிவர், கூடவே இன்டர்மிட்டென்ட்=எஸ்; அவ்வளவுதான்.

அறிகுறி: மணலும் போட்டேன், புதரும் போட்டேன், எதுவும் ஒழுங்காகத் தெரியவில்லை

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

முதலில், நேச்சுரல்=வாட்டர்;சேண்ட் என்று அரைப்புள்ளி வைத்து இரண்டையும் ஒரே பலகோணத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பொருளில் நேச்சுரல் என்ற சாவிக்கு ஒரு மதிப்புத்தான் பயன்படும். அரைப்புள்ளி வைத்தால் வரைபடம் தீட்டும் நிரலுக்கு அது தண்ணீராகவும் தெரியாது, மணலாகவும் தெரியாது, வெற்றிடமாக விட்டுவிடும்.

அடுத்தது, எது எதன்மேல் ஏறலாம் என்ற கேள்வி. ஆறு என்ற பரப்பும் தரை என்ற பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கலாம், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில். வற்றும் ஆற்றுப் பலகோணத்துக்குள் ஒரு மணல் பலகோணம் இருந்தால் அது முரண்பாடு கிடையாது: தண்ணீர் வரும்போது ஆறு, வராதபோது மணல். ஆனால் மணலும் புதரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள். ஒரே அடி நிலம் ஒரே நேரத்தில் இரண்டாக இருக்க முடியாது. மணலுக்கு நடுவே சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது என்றால், அந்த இடத்தில் மணலில் ஓட்டை வெட்டி நேச்சுரல்=ஸ்க்ரப் வையுங்கள், அல்லது எல்லைக்கோட்டைப் பகிர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதேபோல் வற்றாத நீர்ப்பரப்பின்மேல் புதரோ மணலோ ஏறக் கூடாது.

தீட்டும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். தளத்தின் இயல்பான பாணியில் தரைப்பரப்புகள் முதலில், தண்ணீர் அதற்கு மேல். தரைப்பரப்புகளுக்குள் பெரியது அடியில், சிறியது மேலே. அதனால்தான் முழு நீல ஆற்றுக்குள் மணல் போட்டால் அது தெரிவதே இல்லை. "தெரியவில்லையே" என்று ஆற்றை வெட்டி மணல் தெரியும்படி செய்கிறவர்கள், அல்லது மணலைக் கடற்கரை என்று டேக் மாற்றிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வரைபடம் அழகாகத் தெரிவதற்காகத் தரவில் பொய் எழுதுவது இந்தச் சமூகத்தில் பெரிய குற்றம். இன்டர்மிட்டென்ட்=எஸ் போட்டிருந்தால் நீலக் கோடுகளுக்கு நடுவே கீழேயுள்ள தரை தெரியும்; பொய்க்குத் தேவையும் இல்லை.

மதுரைத் துண்டையே எடுத்துக்கொள்வோம், ஏ.வி. பாலத்துக்கும் தெப்பக்குளம் பக்கத்துக்கும் நடுவே. கரைக்குக் கரை ஒரே நீர்ப்பலகோணம், வாட்டர்=ரிவர், இன்டர்மிட்டென்ட்=எஸ். உள்ளே கழிவுநீர் கலந்து வருடம் முழுக்க ஈரமாகவே கிடக்கும் ஒரு குறுகிய தடம் இருக்கிறது. அது மாதக்கணக்கான படங்களில் ஒரே இடத்தில் நின்றால் அதற்கெனத் தனி நீர்ப்பலகோணம், இன்டர்மிட்டென்ட் இல்லாமல். பெரிய பலகோணத்தில் அந்த அளவுக்கு உள்ளோட்டை. படத்துக்குப் படம் தடம் இடம் மாறினால் விட்டுவிடுங்கள், மையக்கோடு போதும். ஆகாயத்தாமரை மேலிருந்து பார்க்கப் புல்வெளி போலவே இருக்கும். அடுத்த தண்ணீர் திறப்பில் அது அடித்துக்கொண்டு போய்விடும், அடியில் இருப்பது நீர்தான்; நேச்சுரல்=கிராஸ்லேண்ட் வேண்டாம். நாணலும் கோரையும் நிலையாக வேரூன்றிய ஓரங்கள் வேறு. அவற்றுக்கு நேச்சுரல்=வெட்லேண்ட், வெட்லேண்ட்=ரீட்பெட் பொருந்தும். படுகைக்குள் நிற்கும் மைய மண்டபத்தைத் தனிக் கட்டடமாக வரையுங்கள். அதைச் சுற்றி ஆற்றில் ஓட்டை வெட்டத் தேவையில்லை, தண்ணீர் வந்தால் மண்டபத்தைச் சுற்றித்தான் ஓடும்.

எவ்வளவு நுணுக்கமாக வரைவது? என் கணக்கு இது: ஒரு வெள்ளத்தைத் தாங்கி நிற்பதை வரை, தாங்காததை விடு. பத்து வருடமாக நிற்கும் கருவேலங்காட்டை வரையலாம். போன வருடம் தோன்றிய மணல்திட்டின் ஒவ்வொரு வளைவையும் வரைந்தால் அடுத்த டிசம்பரில் அது யாருக்கும் பயன்படாது. படுகையில் அங்கங்கே தர்பூசணி, வெள்ளரி போடுவதைப் பார்த்து விளைநிலம் என்று வரைவதையும் நான் தவிர்ப்பேன். மணல் குவாரி மட்டும் விதிவிலக்கு; அனுமதியோடு நிலையாக இயங்கும் இடம் என்றால் லேண்ட்யூஸ்=குவாரி, ரிசோர்ஸ்=சேண்ட்.

வற்றும் ஆற்றுக்கும் மணலுக்கும் எல்லை அச்சு அசலாக ஒன்றே என்றால், ஒரே கோட்டின்மேல் இன்னொரு கோடு வரையாதீர்கள். எல்லைக்கோடுகளை டேக் இல்லாமல் விட்டு, அவற்றை உறுப்பாக வைத்து இரண்டு மல்டிபாலிகன் ரிலேஷன் (கோடுகளைச் சேர்த்து ஒரே பரப்பாக்கும் தொகுப்பு) செய்யுங்கள், ஒன்றில் வாட்டர், மற்றதில் சேண்ட். பின்னால் கரையைத் திருத்துகிறவர் ஒரு கோட்டைத் தொட்டால் போதும்.

காப்புக்காடு விஷயம் தனி. மலையடிவாரத்தில் லேண்ட்யூஸ்=ஃபாரஸ்ட் என்று வனத்துறை எல்லை முழுவதையும் பச்சையாக்கி, ஆறு, பாறை, புதர் எல்லாம் அதற்குள் புதைந்து கிடக்கும். சட்டப்படியான எல்லை வேறு, மரம் நிற்கும் பரப்பு வேறு. எல்லைக்கு பவுண்டரி=புரொடெக்டட் ஏரியா, மரத்துக்கு நேச்சுரல்=வுட் என்று பிரித்தால் ஆற்றின்மேல் காடு ஏறாது. நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை, ஒரே மாலையில் முடியாது.

அறிகுறி: நேற்றுவரை இருந்த ஆற்றுப்பரப்பு இன்று மொத்தமாக மறைந்துவிட்டது, அல்லது தீவு மூழ்கிவிட்டது

மல்டிபாலிகன் உடைந்திருக்கிறது. வெளிவளையத்தில் எங்கோ ஒரு இடைவெளி, அல்லது கோடு தன்னையே வெட்டிக்கொள்கிறது. பத்துக் கிலோமீட்டர் பலகோணத்தில் ஒரு புள்ளி விலகினாலும் முழுதும் காணாமல் போகலாம். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் ஜோசம் எடிட்டரில் ரிலேஷனை உறுப்புகளோடு இறக்கி, ஷிப்ட்டையும் வி எழுத்தையும் அழுத்திச் சரிபார்ப்பியை ஓட்டினால் எங்கே மூடவில்லை என்று காட்டிவிடும். உலாவி எடிட்டரில் இதைத் தேடுவது கண்ணைக் கெடுக்கும் வேலை.

தீவு மூழ்கினால் உறுப்பின் பங்கைப் பாருங்கள். ஸ்ரீரங்கம் போன்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் பெரிய தீவு என்றால் காவிரியும் கொள்ளிடமும் தனித்தனிப் பலகோணங்களாக இரு பக்கமும் போகும், சிக்கல் வராது. ஒரே ஆற்றுக்குள் இருக்கும் திட்டு என்றால் அதன் கோடு இன்னர் (உள்வளையம்) என்ற பங்கோடு ஆற்றின் ரிலேஷனில் இருக்க வேண்டும். பங்கு காலியாக இருந்தாலோ அவுட்டர் (வெளிவளையம்) என்று இருந்தாலோ சில நிரல்களில் திட்டு நீரில் போய்விடலாம். வெள்ளத்தில் மூழ்கும் மணல்திட்டுக்கு இன்னர் தேவையே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அது ஆற்றுக்குள்தான் இருக்கிறது.

ஒரு கோட்டில் 2000 புள்ளிக்கு மேல் சேமிக்க முடியாது. அந்த எல்லையை முட்டும் வரை போகாமல், பெரிய பாலம் அல்லது அணைக்கட்டு வரும் இடங்களில் ஆற்றுப் பலகோணத்தைக் குறுக்கே வெட்டிச் சின்னத் துண்டுகளாக வைப்பது நல்லது. உடைந்தாலும் ஒரு துண்டுதான் போகும்.

அறிகுறி: சாலை ஆற்றை வெட்டுகிறது என்று எடிட்டர் எச்சரிக்கிறது

உலாவி எடிட்டர் பாலமா, சுரங்கமா, ஃபோர்டா (தண்ணீரிலேயே இறங்கிக் கடக்கும் இடமா) என்று கேட்கும். அவசரத்தில் பாலம் என்று அழுத்திவிடாதீர்கள். தூண் எழுப்பிய பாலம் என்றால் சாலைத் துண்டில் பிரிட்ஜ்=எஸ், லேயர்=1 (தரைக்கு மேல் அடுக்கு). தூம்புக்குழாய் வழியே ஓடை போனால் ஓடைத் துண்டில் டனல்=கல்வர்ட், லேயர்=-1. படுகையிலேயே இறங்கி ஏறும் மண்பாதை என்றால் வெட்டும் புள்ளியில் ஃபோர்டு=எஸ்.

தரைப்பாலம்தான் நம்மூரில் எல்லோரையும் குழப்புவது. மதுரை யானைக்கல் தரைப்பாலம் மாதிரி: சாதாரண நாளில் வண்டி போகும், அணையில் அதிகம் திறந்தால் மூழ்கும், போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள். இதற்குப் பிரிட்ஜ்=லோ வாட்டர் கிராசிங் என்றே ஒரு மதிப்பு இருக்கிறது, லேயர்=1 உடன். கூடவே ஃப்ளட் ப்ரோன்=எஸ் சேர்த்தால் வெள்ள நேரத்தில் வரைபடத்தைப் பயன்படுத்துவோருக்கு உதவும். தண்ணீர் அடியில் போக வழியில்லாமல் தளத்தின் மேலேயே ஓடும் தாழ்ந்த கான்கிரீட் தளம் என்றால் அது ஃபோர்டுதான்.

எச்சரிக்கையை வாயடைக்க ஆற்றின் முழு நீளத்துக்கும் லேயர்=-1 போடும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆறு தரையில் ஓடுகிறது. மேலே போவது பாலம்தான்.

மணல் லாரித் தடங்களும் ஆடு மாடு போகும் பாதைகளும் படுகைக்குள் நீளவாட்டில் போகும். நிலையான தடம் என்றால் ஹைவே=ட்ராக், சீசனல்=டிரை சீசன். இல்லாவிட்டால் வரையாதீர்கள், வழிகாட்டும் செயலி ஒருநாள் யாரையாவது தண்ணீருக்குள் அனுப்பும்.

அறிகுறி: ஆற்றைக் கொஞ்சம் நகர்த்தினேன், மாவட்ட எல்லையும் கூடவே வந்துவிட்டது

கொள்ளிடத்தில் இது சர்வசாதாரணம். அரியலூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே அதுதான் எல்லை, அதனால் எல்லைக்கோட்டையும் ஆற்றின் மையக்கோட்டையும் ஒரே புள்ளிகளில் ஒட்டி வரைந்திருப்பார்கள். ஆறு மணலுக்குள் தடம் மாற்றிக்கொண்டே இருக்கும். மாவட்ட எல்லை அரசு அறிவித்த இடத்திலேயே நிற்கும். முதலில் சேமிக்காமல் பின்வாங்குங்கள். பிறகு ஒட்டிய புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துப் பிரியுங்கள். ஜோசமில் ஜி, உலாவி எடிட்டரில் டி. பிரித்த பின் ஆற்றை மட்டும் நகர்த்துங்கள். ஏற்கெனவே சேமித்துவிட்டால் அந்தத் திருத்தத்தின் வரலாற்றிலிருந்து எல்லைக்கோட்டின் பழைய பதிப்பை மீட்கலாம்.

அறிகுறி: ஆறு பாதியில் அறுந்து நிற்கிறது, அல்லது மலையேறி ஓடுகிறது

கோட்டின் திசைதான் ஓட்டத்தின் திசை. அம்புக்குறி மேட்டைப் பார்த்து நின்றால் திருப்பிவிடுங்கள். ஜோசமில் ஆர், உலாவி எடிட்டரில் வி. வறண்ட படுகையில் எது மேல், எது கீழ் என்று படத்தில் தெரியாதபோது கிளை சேரும் கோணத்தைப் பாருங்கள், கிளையாறுகள் பெரும்பாலும் ஓட்டத்தின் பக்கம் சாய்ந்துதான் சேரும்.

அறுந்து நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரு நீர்த்தேக்கமோ கண்மாயோ காரணம். நீர்ப்பரப்பு வந்ததும் கோட்டை நிறுத்திவிட்டு, மறுகரையில் புதிதாகத் தொடங்கியிருப்பார்கள். கோடு நீர்ப்பரப்புக்குள்ளும் தொடர வேண்டும். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது, மிஞ்சியதுதான் கடலுக்குப் போகிறது. இதைத் தெரியாமல் "ஆறு கடலைச் சேரவில்லையே" என்று படத்தில் தெரிகிற ஏதோ ஒரு ஓடையைப் பிடித்து வைகை என்று பெயர் வைக்க வேண்டாம். பெயரை மையக்கோட்டில் மட்டும் வையுங்கள், பலகோணத்தில் திரும்ப எழுதாதீர்கள்.

அறிகுறி: சேமித்தும் வரைபடம் மாறவில்லை

கொஞ்சம் பொறுங்கள். கிட்டப் பார்த்தால் சில நிமிடங்களில் மாறும், தள்ளிப் பார்க்கும் அளவுகளுக்கு அதிக நேரமாகும். உலாவியின் தற்காலிகச் சேமிப்பை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். கைபேசிச் செயலிகளில் தரவு அடுத்த பதிப்பு இறங்கும்போதுதான் வரும்.

அறிகுறி: நான் திருத்தினால் இன்னொருவர் பழையபடி மாற்றுகிறார்

மழைக்குப் பின் ஒருவர் நீலமாக்குகிறார், சித்திரையில் இன்னொருவர் மணலாக்குகிறார். இருவருக்கும் கையில் ஆதாரம் இருக்கிறது. திருப்பி மாற்றுவதற்கு முன் அவருடைய சேஞ்ச்செட்டில் (ஒருமுறையில் சேமித்த திருத்தங்களின் தொகுப்பில்) கருத்து எழுதுங்கள். "தவறு செய்துவிட்டீர்கள்" என்று தொடங்காமல், எந்த மாதப் படத்தைப் பார்த்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

அதோடு பலகோணத்திலேயே ஒரு நோட் டேக் வையுங்கள், அடுத்து வருபவர் எடிட்டரில் திறந்ததும் கண்ணில் படும்படி. "படுகை வருடத்தில் பல மாதம் வறண்டிருக்கும், நீர்ப்பரப்பை நீக்க வேண்டாம், தரையை உள்ளே தனியாக வரையவும்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். வெளியூரிலிருந்து, சில நேரம் வேறு கண்டத்திலிருந்து வரைபவர்கள் இருப்பதால் ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். எந்தத் தேதிப் படத்தை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்பதைச் சேஞ்ச்செட் குறிப்பில் எழுதுங்கள். நேரில் போய்ப் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். படத்தைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். இத்தனைக்குப் பிறகும் பதிலே சொல்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுப் பணிக்குழுவிடம் கொண்டு போகலாம், கருத்துப் பரிமாற்றத்தின் இணைப்புகளோடு.